ரத்தம் சரியாக இருக்கிறது, கால் மட்டும் எழ மறுக்கிறது: டயாலிசிஸில் இருப்பவரின் தசைச் சோர்வு

வைகைக்கரையான் (மதுரை)

அப்பாவுக்கு 63 வயது. அரசுப் பஸ்ஸில் 31 ஆண்டு நடத்துநராக இருந்தார். ஆரப்பாளையத்தில் ஏறினால் கம்பம் வரை கம்பியைப் பிடிக்காமல் நின்றபடியே டிக்கெட் கிழித்துக் கொடுத்த மனிதர். சர்க்கரை 20 ஆண்டாக இருக்கிறது. 14 மாதமாக வாரத்துக்கு மூன்று டயாலிசிஸ், ஒவ்வொன்றும் நான்கு மணி நேரம்.

எங்கள் வீட்டு வாசலில் இரண்டே படிகள். முதல் படி ஏறிவிட்டு, இரண்டாம் படியில் சுவரைப் பிடித்து நிற்கிறார். பிளாஸ்டிக் நாற்காலியிலிருந்து எழ இரு கைகளையும் ஊன்றி, ஒருமுறை முன்னால் ஆடி, அது போதாமல் பின்னால் சாய்ந்து, இரண்டாம் ஆட்டத்தில்தான் எழுகிறார். மூச்சு வாங்கவில்லை, வலியும் இல்லை. கேட்டால் "கால் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை" என்கிறார்.

ஹீமோகுளோபின் 10.9. இதயப் பரிசோதனையில் குறை ஒன்றும் இல்லை. சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின் ஓராண்டில் 9.2-லிருந்து 6.4-க்கு இறங்கியிருக்கிறது, அது ஒன்றுதான் ஆறுதல். எடையும் மாறவில்லை, அதே 61 கிலோ. அப்படியென்றால் தெம்பு எங்கே போகிறது? சொந்தக்காரர்கள் ஓய்வெடுக்கச் சொல்கிறார்கள். அம்மா, "மனசு விட்டுப்போச்சு அவருக்கு" என்கிறார். மருத்துவரிடம் கேட்டேன். "இந்த வியாதியில் அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

கறிவேப்பிலை (தஞ்சாவூர்)

தம்பி, பயப்பட வேண்டாம். உடம்பில் சூடு ஏறிவிட்டால் தசை வாடிப்போகும். தினமும் காலையில் ஓர் இளநீர், இரவில் முருங்கைக்கீரை சூப் கொடுங்கள். நன்றாகப் படுத்து ஓய்வெடுக்கட்டும். என் மாமனாருக்குச் சிறுநீரகக் கல் இருந்தபோது இளநீரில்தான் குணமானது.

இரவுப்பணி (கோயம்புத்தூர்)

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இளநீரும் வேண்டாம், கீரை சூப்பும் வேண்டாம். கல் இருப்பவருக்குச் சொல்லும் வைத்தியத்தை டயாலிசிஸில் இருப்பவருக்குச் சொல்லக் கூடாது. ஒரு தம்ளர் இளநீரில் ஏறக்குறைய அரை கிராம் பொட்டாசியம் இருக்கிறது. சிறுநீரே போகாத உடம்பில் அது வெளியேற வழியில்லை. பொட்டாசியம் ஏறினால் கால் துவளலாம், இதயத் துடிப்பே தடுமாறலாம். நான் டயாலிசிஸ் பிரிவில் 16 ஆண்டாகச் செவிலியாக இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை கல்யாண விருந்தில் இளநீர் குடித்துவிட்டுத் திங்கட்கிழமை ஸ்ட்ரெச்சரில் வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். கறிவேப்பிலை அவர்கள் நல்லெண்ணத்தில் சொன்னார், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

தம்பி, உங்கள் பதிவில் இரண்டு இடத்தில் எனக்குத் திக்கென்றது.

ஒன்று, கிரியேட்டினின். அது இறங்கியதை ஆறுதல் என்கிறீர்கள். கிரியேட்டினின் எங்கிருந்து வருகிறது? தசையிலிருந்து. சிறுநீரகம் ஏறக்குறைய நின்றுவிட்டவரிடம், அதே மிஷினில் அதே நான்கு மணி நேரம் ஓட்டியும் அது 9-லிருந்து 6-க்கு இறங்குகிறது என்றால் சிறுநீரகம் தேறிவிட்டது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். சிறுநீர் கூடியிருந்தால் கதை வேறு, அதை மருத்துவரிடம் சொல்லுங்கள். கூடவில்லை என்றால், கிரியேட்டினினை உண்டாக்கும் சதை குறைந்திருக்கிறது என்றே முதலில் சந்தேகப்பட வேண்டும்.

இரண்டாவது, எடை. 61 மாறவில்லை என்பதாலேயே சதை போகவில்லை என்று ஆகாது. சதை மூன்று கிலோ போய், அந்த இடத்தில் நீர் மூன்று கிலோ நின்றாலும் தராசு 61 தான் காட்டும். டிரை வெயிட் என்று, கூடுதல் நீரை எடுத்த பிறகு இருக்க வேண்டிய எடையை ஓர் எண்ணாக எழுதி வைத்திருப்பார்களே, அதை எப்போது மாற்றினார்கள் என்று கேளுங்கள். ஆறு மாதம் தொடாமல் இருந்தால் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். மருத்துவமனைக்குப் போட்டுவரும் பேன்ட் இடுப்பில் தளர்ந்திருக்கிறதா? தொடை மெலிந்திருக்கிறதா? கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில், கையின் முதுகுப்பக்கச் சதை குழிந்திருக்கிறதா?

இன்னொன்று: அவர் என்ன சாப்பிடுகிறார்?

வைகைக்கரையான்

அக்கா, இதைப் படித்துவிட்டு அப்பா தூங்கும்போது போய்க் கையைப் பார்த்தேன். குழி இருக்கிறது. பெல்ட்டில் ஆணியால் புதிதாக இரண்டு ஓட்டை போட்டிருக்கிறார், எங்களிடம் சொல்லவில்லை. கிரியேட்டினின் 6.4 என்று ரிப்போர்ட் வந்த அன்று வீட்டில் கேசரி கிண்டிச் சாப்பிட்டோம் என்பதை நினைத்தால் வயிற்றைப் பிசைகிறது.

சாப்பாடு: டயாலிசிஸ் தொடங்குவதற்கு முன்பு ஒரு டயட் தாள் கொடுத்தார்கள். பருப்பு, முட்டை, கறி எல்லாவற்றையும் குறைக்கச் சொல்லி. அதைத்தான் இன்றுவரை பின்பற்றுகிறோம். அம்மா அந்தத் தாளை லேமினேட் செய்து ஃபிரிட்ஜில் ஒட்டி வைத்திருக்கிறார்.

இரவுப்பணி

அந்தத் தாளை இன்றைக்கே கழற்றுங்கள். அது பழைய நிலைக்கான தாள். டயாலிசிஸ் தொடங்குவதற்கு முன்பு புரதத்தைக் குறைப்பது உண்டு. தொடங்கிய பிறகு கணக்கு தலைகீழ்: ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை புரதம் வேண்டும். உங்கள் அப்பாவுக்கு ஏறக்குறைய 60 முதல் 72 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம்தான் இருக்கிறது, கணக்குப் போட்டுப் பாருங்கள். மேலும், ஒவ்வொரு டயாலிசிஸிலும் புரதத்தின் துண்டுகளான அமினோ அமிலம் 6 முதல் 8 கிராம் ரத்தத்திலிருந்து கழுவிக்கொண்டு போய்விடுகிறது. புதிய தாள் எழுதித் தரச் சொல்லி உங்கள் பிரிவின் உணவியல் ஆலோசகரைக் கேளுங்கள். பாஸ்பரஸும் பொட்டாசியமும் ஏறாமல் புரதம் கொடுக்க அவர்களுக்கு வழி தெரியும். முட்டை வெள்ளைக்கருவிலிருந்து தொடங்குவார்கள் என்று நினைக்கிறேன்.

பழைய தாளோடு இரண்டு ஆண்டு ஓட்டிய குடும்பங்கள் எத்தனையோ. யாரும் மாற்றிக் கொடுப்பதில்லை, யாரும் கேட்பதும் இல்லை.

பழைய வாத்தியார் (பாளையங்கோட்டை)

உயிர்வேதியியல் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்றவன் நான், மருத்துவன் அல்லன். ஆனால் "தெம்பு எங்கே போகிறது" என்ற கேள்வி என் பாடத்துக்குள் வருகிறது. உங்கள் அப்பா நடத்துநர் என்பதால் அவர் பாஷையிலேயே சொல்லிப் பார்க்கிறேன்.

தசை சுருங்குவதற்குச் செலவழிக்கும் காசு ஏடிபி. அது கையில் இருக்கும் சில்லறை. ஓரிரண்டு நொடிக்குத்தான் காணும். அது தீரத் தீர உடனே மாற்றிக் கொடுக்கப் பக்கத்திலேயே தோல்பை ஒன்று இருக்கிறது, அதன் பெயர் பாஸ்போகிரியேட்டின். நாற்காலியிலிருந்து விருட்டென்று எழுவது, படியில் காலை ஊன்றித் தூக்குவது எல்லாம் பெரும்பாலும் இந்தப் பையை நம்பித்தான். பை காலியானால் நிரப்புவது டிப்போ. அதாவது செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியா. ஆக்சிஜனை வைத்துச் சர்க்கரையையும் கொழுப்பையும் எரித்துச் சில்லறை அடிக்கும் இடம் அது.

நாள்பட்ட சிறுநீரக நோயில் டிப்போ மந்தமாகிவிடுகிறது. இது ஊகமாகச் சொல்வதன்று. காந்த அதிர்வுக் கருவிக்குள் காலை வைத்து, தசைக்கு வேலை கொடுத்து நிறுத்திவிட்டு, பாஸ்போகிரியேட்டின் திரும்ப நிரம்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளந்திருக்கிறார்கள். நோயாளிகளுக்கு நேரம் கூடுதலாகிறது. டயாலிசிஸுக்கு வராதவர்களிடமும் இது தெரிகிறது. முதல் படி ஏறிவிட்டு இரண்டாம் படியில் அப்பா நிற்கிறாரே, அந்த நிற்றலுக்கு இது ஒரு காரணம். பை நிரம்பவில்லை.

டிப்போ ஏன் மந்தமாகிறது? ஹீமோகுளோபின்தான் காரணம் என்று ஒரு காலத்தில் எல்லாரும் நினைத்தார்கள். சிறுநீரகம் சுரக்கும் எரித்ரோபொய்ட்டின் குறைவதால் ரத்தம் சோகையாகிறது, சோகையால் சோர்வு. 1989-இல் அமெரிக்காவில் அந்த ஹார்மோனை ஊசியாகப் போட அனுமதி கிடைத்தது. சோகை குறைந்தது, நோயாளிகள் எழுந்து நடமாடினார்கள், அது பெரிய காரியம்தான். ஆனால் உழைப்புத் திறன் முழுதாகத் திரும்பவில்லை. ஆக்சிஜனை ஏற்றிய வண்டி ஊர் எல்லைவரை வருகிறது. அங்கிருந்து தெருவுக்குள் கொண்டுபோகும் நுண்குழாய்கள் குறைந்துகிடக்கின்றன, வாங்கி எரிக்க வேண்டிய மைட்டோகாண்ட்ரியாவும் எண்ணிக்கையில் குறைந்து, வடிவம் குலைந்து இருக்கிறது. ஆகவே ஹீமோகுளோபின் 10.9 என்பது வண்டி வந்து சேர்ந்ததற்கான ரசீது மட்டுமே.

டிப்போவைக் கெடுப்பதில் ரத்தத்தில் தேங்கும் கழிவுக்கும் பங்கு உண்டு. நாம் சாப்பிடும் டிரிப்டோபான் என்ற அமினோ அமிலத்தைக் குடல் பாக்டீரியா இண்டோல் ஆக்குகிறது, கல்லீரல் அதை இண்டாக்சில் சல்பேட் ஆக்குகிறது. நல்ல சிறுநீரகம் அதை வெளியே தள்ளிவிடும். பழுதான சிறுநீரகத்தால் முடியாது. ரத்தத்தில் அல்புமின் என்ற புரதத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு திரிவதால் டயாலிசிஸ் வடிகட்டியின் துளை வழியாகவும் எளிதில் போவதில்லை. சோதனைக்கூடத்தில் தசைச் செல்லில் இதை விட்டால் மைட்டோகாண்ட்ரியாவின் வேலை குன்றுகிறது.

அடுத்தது அமிலம். இது எனக்குப் பிடித்த பகுதி, கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள். சிறுநீரகம் அமிலத்தை வெளியேற்றத் தவறினால் அமிலத்தைத் தணிக்கும் பைகார்பனேட் ரத்தத்தில் குறையும், 22-க்குக் கீழே போகும். தசைக்குள் புரதத்தைப் பிரித்துப்போடும் எந்திரம் ஒன்று எப்போதும் இருக்கிறது. காட்டில் வெட்ட வேண்டிய மரத்துக்குப் பட்டை சீவி எண் எழுதுவார்களே, அதுபோல உடைக்க வேண்டிய புரதத்தின் மேல் யுபிக்விட்டின் என்ற சிறு புரதம் ஒட்டப்படும். எண் விழுந்த புரதம் அறவை ஆலைக்குள் போய்விடும். இந்த முறையைக் கண்டுபிடித்ததற்காக சிகனோவர், ஹெர்ஷ்கோ, ரோஸ் மூவருக்கும் 2004-இல் வேதியியல் நோபல் கிடைத்தது. அமிலம் கூடினால் எண் எழுதுகிறவன் கண்மண் தெரியாமல் எழுதத் தொடங்கிவிடுகிறான். கூடவே இன்சுலினின் பேச்சும் தசையில் எடுபடுவதில்லை. "உடைக்காதே, கட்டு" என்று சொல்ல வேண்டிய ஹார்மோன் அது. உங்கள் அப்பாவுக்குச் சர்க்கரையும் இருப்பதால் இரட்டை அடி.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்தத் தோல்பைக்கு வேண்டிய கிரியேட்டின் என்ற பொருளின் முதல் கட்டத் தயாரிப்பே பெரும்பாலும் சிறுநீரகத்தில்தான் நடக்கிறது, இரண்டாம் கட்டம் கல்லீரலில். தசையில் இருக்கும் கிரியேட்டினில் நூற்றில் ஒன்றிரண்டு பங்கு நாள்தோறும் தானாகவே கிரியேட்டினினாக மாறி வெளியே வருகிறது. செவிலி அம்மா சொன்ன கணக்கு அதுதான். பை சிறுத்தால் அதிலிருந்து சிந்துவதும் குறையும்.

கேள்விக்குறி (சிங்கப்பூர்)

வாத்தியார் ஐயா, விளக்கம் அருமை. ஆனால் பைகார்பனேட் விஷயத்தில் ஒரு தடை சொல்ல வேண்டும். அமிலம்தான் தசையைத் தின்கிறது என்றால் சோடியம் பைகார்பனேட் மாத்திரை கொடுத்தால் தெம்பு வர வேண்டும் அல்லவா? பிரிட்டனில் 60 வயதுக்கு மேற்பட்ட 300 பேரிடம் இதைச் சோதித்து 2020-இல் முடிவு வெளியிட்டார்கள். டயாலிசிஸுக்கு வராத, நோய் முற்றியவர்கள். நடை, நாற்காலியில் எழுதல், சமநிலை மூன்றையும் அளந்தார்கள். மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் வித்தியாசம் இல்லை. சோதனைக்கூடத்தில் அழகாக இருப்பதெல்லாம் மாடிப்படியில் எடுபடுவதில்லை.

பழைய வாத்தியார்

சரியான அடி, ஒப்புக்கொள்கிறேன். அந்த ஆய்வை நான் குறிப்பிட்டிருக்க வேண்டும். எண் எழுதுகிறவனை நிறுத்துவது ஒன்று, போன மரத்தை வளர்ப்பது வேறொன்று. அந்தச் சோதனையில் இருந்தவர்களுக்கு அமிலம் மிதமாகத்தான் இருந்தது, வயதும் அதிகம் என்று வாதாடலாம். ஆனால் வாதாடி மாடி ஏற முடியாது. பைகார்பனேட் 22-க்கு மேல் இருக்கும்படி பார்த்துக்கொள்வது நல்லதுதான், டயாலிசிஸில் ரத்தத்தைக் கழுவும் திரவத்தை வைத்தே சரிசெய்வார்கள். அதனால் கால் எழுந்துவிடும் என்று நம்பி உட்காரக் கூடாது.

இதைப் படித்துவிட்டு யாரும் சமையலறைச் சோடா உப்பைக் கரைத்துக் குடிக்க வேண்டாம். அதில் சோடியம் இருக்கிறது. நீர் கோக்கும், ரத்த அழுத்தம் ஏறும்.

மூன்றாம் பை (மன்னார்குடி)

இதுவரை எல்லாரும் வெளியே நின்று பேசுகிறீர்கள். நான் உள்ளே இருந்து சொல்கிறேன். எனக்கு 44 வயது, மூன்று ஆண்டாக வயிற்று வழி டயாலிசிஸ், அதாவது வயிற்றுக்குள் திரவத்தை விட்டு வெளியேற்றும் முறை. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் திரவப் பைகள் வீட்டுக்கே வருகின்றன.

எனக்கு முதலில் போனது கோலம். உட்கார்ந்து கோலம் போட்டுவிட்டேன். எழ முடியவில்லை. மார்கழி மாதம், காலை ஐந்தரை மணி, தெருவில் யாரும் இல்லை. குந்தியபடியே கோலப்பொடிக் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு பத்து நிமிடம் இருந்தேன். பிறகு மண்டி போட்டு, தவழ்ந்து, திண்ணையைப் பிடித்து எழுந்தேன். நடுவில் புள்ளிகள் எல்லாம் என் முழங்காலில் அழிந்துபோயின. அதைக் கண்டுதான் அழுதேன், எழ முடியாததற்கு அழவில்லை.

வெளியே இருப்பவர்களுக்கு இது சோம்பலாகத் தெரியும். சோர்வு என்ற வார்த்தையே பொருந்தவில்லை எனக்கு. சோர்வு தூங்கினால் போகும். இது தூங்கி எழுந்தாலும் அப்படியே இருக்கும். தலைக்கு எண்ணெய் தேய்க்கக் கையை மேலே தூக்கினால் பாதியிலேயே கை கீழே இறங்கப் பார்க்கும். என் மகளுக்குப் பின்னல் போடும்போது நடுவில் இரண்டு முறை கையைத் தொங்கவிட்டு உதறுவேன். அவள், "அம்மா, ஏன் நிறுத்தி நிறுத்திப் போடுகிறாய்?" என்பாள்.

எங்கள் முறையில் வேறொரு தந்திரம் இருக்கிறது. திரவத்தில் குளுக்கோஸ் இருப்பதால் இடுப்பு பெருக்கிறது, எடை கூடுகிறது. பார்ப்பவர்கள் "தேறிவிட்டாய்" என்கிறார்கள். வெளியேற்றும் திரவத்தோடு நாள்தோறும் 5 முதல் 10 கிராம் புரதம் போகிறது. தொடை மட்டும் கம்பாகிவிட்டது. இடுப்பு தடித்து, தொடை மெலிந்து, மரப்பாச்சி மாதிரி.

எனக்கு வைட்டமின் டி மிகக் குறைவாக இருந்தது, கால்சியமும். சரிசெய்த பிறகு குந்தி எழுவது ஓரளவு மேம்பட்டது. முழுவதும் அதனால்தான் என்று சொல்லத் தெரியவில்லை, அதே சமயத்தில்தான் வீட்டுக்கு வந்த பிசியோதெரபி அம்மா பயிற்சியும் கொடுக்கத் தொடங்கினார்.

வைகைக்கரையான் தம்பி, அப்பா "மனசு விட்டுவிட்டார்" என்று யாரும் அவர் காதுபடச் சொல்லாதீர்கள். நடத்துநராக நின்ற ஆள் எழ முடியாமல் ஆடுகிறார். அவருக்கே அது அவமானமாக இருக்கும்.

நெடுங்கேணி (வவுனியா வடக்கு)

என் சித்தப்பா நெல் விவசாயி. காரணம் தெரியாத சிறுநீரக நோய் எங்கள் பக்கமும் பரவிக்கிடக்கிறது, அநுராதபுரம் பக்கம் இன்னும் அதிகம். அவருக்கு இன்னும் டயாலிசிஸ் கட்டம் வரவில்லை, மூன்றாம் நிலை என்கிறார்கள். ஆனால் வரப்பில் நடக்கக் கால் இழுக்கிறது என்று சொல்கிறார். இவ்வளவு முன்கூட்டியே தசை பாதிக்குமா? ஆள் மிகவும் மெலிவு. கிளினிக்கில் கிரியேட்டினின் அவ்வளவு மோசமில்லை என்றுதான் சொல்கிறார்கள்.

பழைய வாத்தியார்

பாதிக்கும். டயாலிசிஸுக்கு வெகு முன்பே தொடங்குகிறது. நீங்கள் சொன்ன கடைசி வரிதான் கவனிக்க வேண்டியது. சதை குறைந்தவருக்குக் கிரியேட்டினின் இயல்பாகவே குறைவாக வரும். ஆகவே அதை வைத்துப் போடும் வடிகட்டல் கணக்கு, சிறுநீரகம் இருப்பதைவிட நன்றாக இருப்பதாகக் காட்டும். சிஸ்டாடின்-சி என்று வேறொரு ரத்தப் பரிசோதனை இருக்கிறது, அது தசையைப் பெரிதாகச் சார்ந்ததில்லை. வசதி இருக்கும் இடத்தில் அதையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லிக் கேட்கலாம்.

நடைவண்டி (திருச்சி)

பிசியோதெரபிஸ்ட். இந்த இழையில் நான் எழுதக் காத்திருந்தது, "ஓய்வெடுங்கள்" என்ற ஆலோசனையைப் பற்றி. தசை போவதற்கு நோய் ஒரு பங்கு என்றால் நாற்காலி இன்னொரு பங்கு. டயாலிசிஸ் நாளில் காரில் போய், நான்கு மணி நேரம் படுத்து, காரில் வந்து, மறுபடி படுப்பார்கள். வாரத்தில் மூன்று நாள் அப்படிப் போகும். மீதி நாளில் வீட்டார் தண்ணீர்த் தம்ளரைக் கையில் கொண்டுவந்து கொடுப்பார்கள். பாசம்தான். அந்தத் தம்ளரை அவரே எழுந்து எடுக்கட்டும்.

படி ஏறவும் எழவும் வேண்டிய வேகமாகச் சுருங்கும் தசை இழைகள்தான் இந்த நோயில் முதலில் மெலிகின்றன. அதனால் நடை மட்டும் போதாது, எழுந்து உட்காரும் பயிற்சியும் வேண்டும்.

முதலில் அளந்துகொள்ளுங்கள். கைப்பிடி இல்லாத நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். கைகளை மார்பில் கட்டிக்கொண்டு ஐந்து முறை எழுந்து உட்கார எத்தனை நொடி? ஆசியர்களுக்கான 2019 அளவுகோலின்படி 12 நொடியோ அதற்கு மேலோ ஆனால் தசைத்திறன் குறைவு. கை இறுக்கிப் பிடிக்கும் வலுவை, ஃபிஸ்டுலா (டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காக இணைத்த ரத்தக்குழாய்) இல்லாத கையில் பார்ப்போம், ஆண்களுக்கு 28 கிலோ, பெண்களுக்கு 18 கிலோ எல்லை. கெண்டைக்கால் சுற்றளவும் ஓர் அளவு, ஆண்களுக்கு 34 சென்டிமீட்டர். ஆனால் கால் வீங்கியிருக்கும்போது அளந்தால் ஏமாந்துபோவீர்கள், டயாலிசிஸ் முடிந்த பிறகு எடுங்கள்.

கையைக் கட்டிக்கொண்டு எழவே முடியாவிட்டால் நாற்காலியில் இரண்டு தலையணை போட்டு உயர்த்துங்கள். வாரங்கள் போகப்போக ஒன்றை எடுங்கள், பிறகு மற்றொன்றை. இவ்வளவுதான் கருவி.

நடைக்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். இத்தாலியில் டயாலிசிஸ் நோயாளிகள் 296 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2017-இல் வந்தது. டயாலிசிஸ் இல்லாத நாட்களில், வீட்டிலேயே, பத்துப் பத்து நிமிடமாக இரண்டு நடை. ஆறு மாதம். ஆறு நிமிடத்தில் சராசரியாக 328 மீட்டர் நடந்தவர்கள் 367 மீட்டர் நடந்தார்கள். பயிற்சி இல்லாத கூட்டம் இருந்த இடத்திலேயே இருந்தது. 39 மீட்டர் ஒன்றும் பெரிதில்லை என்று தோன்றும். வீட்டு வாசலிலிருந்து தெருமுனைக் கடைக்கு உள்ள தூரம் அது.

புரதம் குறைத்துச் சாப்பிட்டவர்களிடமும் எடைப் பயிற்சி எடுபட்டதை 2001-இல் அமெரிக்காவில் காட்டினார்கள். சின்ன ஆய்வுதான், 26 பேர், 12 வாரம். தசை இழை தடித்தது, வலு கூடியது. தசை கெட்டுப்போய்விட்டது, இனி ஒன்றும் ஆகாது என்பவர்களுக்குச் சொல்வதற்காக இதை மனத்தில் வைத்திருக்கிறேன்.

செய்யக் கூடாத நேரம்: மார்பு வலி, கால் வீக்கத்தோடு மூச்சுத்திணறல், டயாலிசிஸ் முடிந்து தலைசுற்றும் மணிகள், இரண்டு நாள் இடைவெளி விட்டு நீர் நிறைந்து கிடக்கும் காலை. இன்சுலின் போடுகிறவர் என்றால் பக்கத்தில் சர்க்கரை வைத்திருங்கள். சிறுநீரகம் பழுதானால் இன்சுலின் உடம்பில் அதிக நேரம் தங்கும், பயிற்சியோடு சேர்ந்தால் சர்க்கரை சரேலென்று இறங்கும். பாதம் மரத்திருந்தால் வெறுங்காலோடு நடக்கக் கூடாது. திடீரென்று, ஒரே நாளில், இரண்டு காலும் துவண்டால் இந்த இழையைப் படித்துக்கொண்டிருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். அது பொட்டாசியமாக இருக்கலாம்.

கேள்விக்குறி

மறுபடியும் நான்தான். டயாலிசிஸ் நடக்கும்போதே படுக்கையில் சைக்கிள் மிதிக்க வைத்து பிரிட்டனில் ஓர் ஆய்வு செய்தார்கள், 2021-இல் வந்தது. ஆறு மாதம் கழித்து வாழ்க்கைத்தரக் கேள்விகளில் முன்னேற்றம் இல்லை.

நடைவண்டி

உண்மை. அதில் பலர் சொன்ன அளவு மிதிக்கவே இல்லை என்பதும் உண்மை. மிதிக்காத சைக்கிள் யாரைத் தேற்றும்? இருந்தாலும் உங்கள் எச்சரிக்கை நியாயமானதுதான். பயிற்சி செய்தால் பழைய ஆளாகிவிடுவார் என்று நான் யாருக்கும் வாக்குக் கொடுப்பதில்லை. கழிப்பறையிலிருந்து தானே எழுவார் என்ற அளவுக்குத்தான் பேசுவேன்.

வைகைக்கரையான்

மருந்துக் கடைக்காரர் கார்னிடைன் மாத்திரை நல்லது என்கிறார். பக்கத்து வீட்டுப் பையன் ஜிம்மில் சாப்பிடும் கிரியேட்டின் பொடியைக் கொண்டுவந்து நீட்டுகிறான், வாத்தியார் எழுதியதைப் படித்துவிட்டு. கொடுக்கலாமா?

இரவுப்பணி

கார்னிடைன் என்பது கொழுப்பை மைட்டோகாண்ட்ரியாவுக்குள் தூக்கிக்கொண்டு போகும் கூலியாள். டயாலிசிஸில் அதுவும் கழுவிக்கொண்டு போகிறது, அதனால் சொல்கிறார்கள். எல்லாருக்கும் கொடுத்து எல்லாருக்கும் பலன் என்று நிரூபணம் இல்லை. சிலருக்கு மருத்துவர்கள் எழுதுவார்கள், எழுதினால் வாங்குங்கள். கடைக்காரர் எழுதக் கூடாது. ஜிம் பொடியைப் பையனிடமே திருப்பிக் கொடுங்கள்.

அதற்குப் பதில் இதைப் பாருங்கள்: கொழுப்புக்கான ஸ்டாட்டின் மாத்திரை சாப்பிடுகிறாரா? சிலருக்கு அதுவே தசைவலி, தளர்ச்சி கொடுக்கும். தானாக நிறுத்த வேண்டாம், மருத்துவரிடம் பெயரைக் காட்டிக் கேளுங்கள். டயாலிசிஸின் கடைசி மணி நேரத்தில் கெண்டைக்கால் பிடித்து இழுக்கிறது என்றால், பெரும்பாலும் உடம்பில் நீர் அதிகம் சேர்த்துக்கொண்டு வருகிறார், அதை மிஷின் அவசரமாக இழுக்கிறது என்று பொருள். ஒரு கிலோ எடைக்கு மணிக்கு 13 மில்லிலிட்டருக்கு மேல் இழுக்காமல் இருப்பது நல்லது. 60 கிலோ ஆளுக்கு நான்கு மணி நேரத்தில் ஏறக்குறைய 3 லிட்டர். அதற்கு மேல் குடித்துவிட்டு வந்தால் நாங்கள் என்ன செய்வது, நீங்களே சொல்லுங்கள்.

வைகைக்கரையான் (ஒன்பது வாரத்துக்குப் பிறகு)

கேட்டவர்கள் எல்லாருக்கும் பதில் எழுதத் தாமதம், மன்னிக்கவும்.

டிரை வெயிட் 61-லிருந்து 58-க்கு இறக்கியிருக்கிறார்கள், மெதுவாக, நான்கு வாரத்தில். சிறுநீர் கூடவில்லை. அக்கா சொன்னதுபோல மூன்று கிலோ நீர்தான். இரவில் தலையணை இரண்டு வைத்துப் படுத்தவர் இப்போது ஒன்றில் படுக்கிறார். பைகார்பனேட் 18 இருந்தது, வைட்டமின் டி-யும் குறைவு, இரண்டுக்கும் மருத்துவம் நடக்கிறது. ஃபிரிட்ஜில் புதுத் தாள். காலையில் மூன்று வெள்ளைக்கரு, மதியம் மீன் அல்லது கோழி. அம்மா ஒரு வாரம் நம்பவே இல்லை. "கறி போட்டுக் கிட்னியைக் கெடுக்கிறீர்களா" என்று என்னோடு பேசாமல் இருந்தார்.

தோல்பை உவமையை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "டிப்போவில் சில்லறை தராவிட்டால் நடத்துநர் என்ன செய்வான், பயணியிடம்தான் திட்டு வாங்குவான்" என்றார். வாத்தியார் ஐயாவுக்கு வணக்கம் சொல்லச் சொன்னார்.

முதல் நாள் கையைக் கட்டிக்கொண்டு எழ முடியவில்லை. இரண்டு தலையணை போட்டு ஐந்து முறை எழ 34 நொடி. இப்போது தலையணை ஒன்றுதான், நேற்று 19 நொடி. 12-க்கு இன்னும் தூரம் இருக்கிறது. நடுவில் சளிக்காய்ச்சல் வந்து ஒன்பது நாள் படுத்ததில் மறுபடி 27-க்குப் போய்த் திரும்பி வந்த கணக்கு இது. டயாலிசிஸ் நாளில் இன்னமும் ஒன்றும் முடிவதில்லை. வந்தால் படுக்கைதான்.

எண்ணுவதை அவரே எடுத்துக்கொண்டார். உட்காரும்போது "ஹோல்டான்", எழும்போது "ரைட்". காலை ஏழு மணிக்கு இந்தச் சத்தம் தெருவுக்கே கேட்கிறது. நான்காவது தடவையில் ஆடிக்கொண்டு பாதியில் நின்றார் என்றால் அம்மா சமையலறையிலிருந்து, "என்ன, வண்டி பிரேக்டவுனா?" என்கிறார். அவர் ஒன்றும் சொல்லாமல் எழுந்துவிட்டுத்தான் திட்டுகிறார்.

நடைவண்டி அண்ணா, ஒரு சந்தேகம். ஃபிஸ்டுலா கையில் அரை லிட்டர் தண்ணீர் பாட்டில் தூக்கலாமா? அவர் கேட்டுச் சொல்லச் சொன்னார்.